பொகேத்தே: கெட்சால் பார்க்கப் போய் ஓய்வூதியக் கணக்குப் போட்ட கதை

கெட்சால் பறவையைப் பார்க்க பொகேத்தே என்ற மலையூருக்குப் போவதற்காக, பனாமா சிட்டியிலிருந்து நாட்டின் மேற்கே இருக்கிற தாவீத் நகரத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறப் போகிறவர்கள் தயவுசெய்து ஒரு கம்பளியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே பல் கிட்டிப்போகிற அளவுக்கு ஏசி. அல்புரூக் பஸ் நிலையத்தில் எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்ற பாட்டி உல்லன் தொப்பியும் தடித்த போர்வையுமாக நின்றார். அவருக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று மனைவி சொன்னாள். பஸ் கிளம்பிய அரை மணியில் வண்டியில் இருந்த அத்தனை பேரும் போர்வைக்குள் போய்விட்டார்கள், எங்கள் இருவரையும் தவிர. தலைக்கு மேலே காற்று வரும் ஓட்டையில் துண்டைத் திணித்து அடைத்தேன். நடத்துநர் வந்து ஒரு வார்த்தை பேசாமல் அதை உருவி என் மடியில் போட்டுவிட்டுப் போனார். ஏழு மணி நேரத்துக்கு மேல் இப்படி. விமானத்துக்குப் பதில் பஸ்ஸில் போனதில் இரண்டு பேருக்குமாக நல்ல தொகை மிச்சம், உண்மைதான். ஆனால் தாவீத்தில் இறங்கியபோது மனைவியால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

அந்த நிலையில் இருப்பவர்களைத்தான் டாக்சிக்காரர்கள் தேடிக்கொண்டிருப்பார்கள். "பொகேத்தே பஸ் எல்லாம் போயாச்சு, இனி காலையில்தான்" என்றார் ஒருவர். ஐம்பது டாலர் கேட்டார். பனாமா டாக்சிகளில் மீட்டர் கிடையாது. ஏறுவதற்கு முன்னால் பேசிக்கொள்வதுதான் விலை. மனைவி அவரைத் தாண்டி நடந்து, நிலையத்தின் மறுகோடியில் என்ஜின் ஓட நின்றிருந்த பஸ்ஸைக் கண்டுபிடித்தாள். அமெரிக்காவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி ஓய்ந்த பழைய வண்டி, பெயின்ட் அடித்து இங்கே ஓடுகிறது. ஆளுக்கு இரண்டு டாலர்கூட ஆகவில்லை. ஏசி இல்லை, ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. முக்கால் மணிக்கு மேல் மெல்ல மெல்ல மலை ஏறியது. இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த வாகனம் அதுதான். இல்லாத பொய்யைச் சொல்லி ஐம்பது டாலர் பறிக்கப் பார்த்தவர் மீது இன்னும் கோபம் போகவில்லை.

சரி, எதற்கு பொகேத்தே? ஹூஸ்டனில் என்னோடு பல வருடம் வேலை பார்த்த நண்பர், ஒஹாயோக்காரர், ஓய்வு பெற்றதும் மனைவியோடு அங்கே போய்க் குடியேறிவிட்டார். சிரிகி மாநிலத்தில், பாரு எரிமலையின் சரிவில், கிட்டத்தட்ட 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிற சின்ன ஊர். பாரு 3,474 மீட்டர், பனாமாவிலேயே உயரமான இடம். வானம் தெளிவாக இருந்தால் உச்சியிலிருந்து பசிபிக், அட்லாண்டிக் இரண்டும் தெரியும். எனக்கு அறுபது நெருங்குகிறது. ஓய்வுக்கு அப்புறம் எங்கே என்ற பேச்சு எங்கள் வீட்டில் தினமும் நடக்கிறது. கோயம்புத்தூரா, பிள்ளைகள் இருக்கிற டெக்சாஸா, அல்லது மூன்றாவதாக ஓர் இடமா? அந்த மூன்றாவது இடத்தையும் கெட்சாலையும் சேர்த்தே நேரில் பார்த்துவிடலாம் என்றுதான் கிளம்பினோம்.

நண்பர் வீட்டுப் பின்கட்டில் ஒரு பலகை. அதில் தினமும் காலையில் பறவைகளுக்காகப் பழுத்த வாழைப்பழமும் பாதியாக நறுக்கிய ஆரஞ்சும் வைப்பார்கள். நாங்கள் போனது மார்ச். காப்பி கையில் எடுப்பதற்குள் நீலச் சாம்பல் டேனஜர் ஜோடி வந்தது, பிறகு களிமண் நிறத் திரஷ். அப்புறம் செக்கச்செவேல் என்றில்லாமல் பழுத்த ஆரஞ்சு நிறத்தில், கறுப்புத் தலையோடு ஒரு பால்டிமோர் ஓரியோல். நண்பரின் மனைவி சொன்னார்: "இது எங்கள் ஊர்ப் பறவை. மே மாதம் ஒஹாயோவில் எங்கள் அம்மா வீட்டு மரத்தில் கூடு கட்டும். குளிர்காலத்துக்கு இங்கே வந்துவிடும். நாற்பது வருடம் அதை நாங்கள் கோடையில் மட்டும்தான் பார்த்தோம். அதன் மீதி வருடம் எங்கே போகிறது என்று யோசித்ததே இல்லை." ஏப்ரலில் அது வடக்கே கிளம்பிவிடும், இவர்கள் போவதில்லை.

இந்தத் தம்பதிக்கு நாள் ஐந்தரை மணிக்குத் தொடங்குகிறது. நடை, பறவை, குறிப்புப் புத்தகம், பத்து மணிக்குள் வீடு. செவ்வாய்க்கிழமை காலைச் சந்தை. மதியம் மழையோ தூறலோ. 'பாஹாரேகே' என்று ஒரு தூறல் இருக்கிறது, வெயில் அடிக்கும்போதே மலைக்கு அந்தப் பக்கமிருந்து காற்று கொண்டுவந்து தூவும். சட்டை நனையாது, மூக்குக் கண்ணாடி நனையும். வானவில் அங்கே ஒரு செய்தியே இல்லை.

பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், பலர் அதைத்தான் கேட்பீர்கள். பனாமாவில் தனி நாணயம் பால்போவா, ஆனால் நோட்டெல்லாம் அமெரிக்க டாலர்தான். 'பென்சியோனாதோ' என்கிற ஓய்வூதியர் விசாவுக்கு வாழ்நாள் முழுதும் வரும் ஓய்வூதியம் மாதம் 1,000 டாலர் காட்ட வேண்டும், துணைக்கு மேலும் 250. கிடைத்துவிட்டால் உணவகத்தில் 25 சதவீதம், விமான டிக்கெட்டில் 25, பஸ்ஸில் 30, சினிமா மாதிரி பொழுதுபோக்குகளில் 50 எனத் தள்ளுபடி சட்டப்படியே உண்டு. அந்த நாட்டு மூத்தவர்களுக்கும் இதே சலுகைதான். நம் இந்தியச் சேமநல நிதியிலிருந்து மாதாமாதம் வரும் சில ஆயிரம் ரூபாய் இதற்குக் கிட்டேகூட வராது. அமெரிக்க அரசின் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கே இது ஒத்துவரும். ஏசியும் வேண்டாம், ஹீட்டரும் வேண்டாம் என்பதால் மின்கட்டணம் கொஞ்சம்தான் வருகிறது. ஆனால் மூத்தவர்களுக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் அமெரிக்காவுக்கு வெளியே கைகொடுக்காது. பெரிய வைத்தியம் என்றால் கீழே தாவீத்துக்கு இறங்க வேண்டும். தனிக் காப்பீடு வயது ஏற ஏற ஏறும். நண்பர் இதற்கென்றே ஒரு தொகையைத் தொடாமல் வைத்திருக்கிறார். தள்ளுபடிப் பட்டியலைக் காட்டி வீடு விற்கிறவர்கள் இந்தப் பக்கத்தைச் சொல்வதில்லை.

இப்போது கெட்சால். அதற்காகத்தான் இத்தனையும்.

வழிகாட்டி ஆளுக்கு எழுபது டாலர் கேட்டார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. நண்பர், "வேண்டுமானால் நானே கூட்டிப் போகிறேன், ஆனால் கூடு எங்கே என்று அந்தப் பையனுக்குத்தான் தெரியும்" என்றார். கொடுத்தோம். ஒவ்வொரு டாலரும் தகும். அந்த வழிகாட்டிப் பையனின் அப்பா காப்பித் தோட்டத்தில் வேலை செய்தவராம். பையன் பத்து வயதிலிருந்து இந்தக் காட்டில் அலைந்திருக்கிறான்.

தண்ணீர்க் குழாய் கூடவே ஓடுகிற பாதை. ஓடையை இரண்டு மூன்று இடத்தில் தாண்ட வேண்டும். பாசி படர்ந்த மரங்கள், கிளையெல்லாம் ஆர்க்கிட். ஆறரை மணிக்குப் பையன் கையைத் தூக்கி நிறுத்தினான். பட்டுப்போன ஒரு மரம், நாலு ஆள் உயரத்தில் ஒரு பொந்து. பொந்துக்கு வெளியே பச்சையாக இரண்டு இழை தொங்கிக்கொண்டிருந்தன. பெரணி என்று நினைத்துத்தான் பார்த்தேன். பைனாகுலரில் பார்த்தால் சிறகு. ஆண் உள்ளே அடைகாக்கிறது; பகலில் ஆணும் முறை வைத்து உட்காரும். வால் உள்ளே கொள்ளாமல் வெளியே கிடக்கிறது.

இருபது நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் பெண் பறவை வந்து பக்கத்துக் கிளையில் உட்கார்ந்தது. பொந்திலிருந்து முதலில் ஒரு கொண்டைத் தலை எட்டிப் பார்த்தது, மஞ்சள் அலகு, கறுத்த கண். பிறகு முழுப் பறவையும் வெளியே பாய்ந்தது. அந்த நீளச் சிறகுகள் பின்னாலேயே நெளிந்துகொண்டு போயின. வெயில் படும் கிளையில் போய் உட்கார்ந்ததும் முதுகின் பச்சை நீலமானது, தலையைத் திருப்பியதும் மறுபடி பச்சை. வயிறு ரத்தச் சிவப்பு. காட்டு அவகாடோ காயைப் பறந்தபடியே பறித்து முழுசாக விழுங்கியது. கொட்டையைப் பிறகு வேறெங்கோ கக்கிவிடுமாம். அந்த மரங்கள் காடு முழுக்க முளைப்பது இப்படித்தான். மனைவி என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்திருந்தது.

நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் தீக்காக்கை இதற்குச் சொந்தக்காரன், ஒரே குடும்பம். வால்பாறையில் தீக்காக்கையைப் பார்த்தவர்களுக்கு அந்த அசையாத உட்காரும் விதம் உடனே அடையாளம் தெரியும்.

அந்த நேரத்தில்தான் இன்னொரு சுற்றுலாக் கும்பல் வந்தது. அவர்களோடு வந்த ஆள் போனில் கெட்சாலின் குரலை ஓடவிட்டார், அதுவும் கூட்டுக்கு நேர் கீழே. ஆண் பறவை பதறி இங்குமங்கும் பறந்தது. பொந்துக்குள் போயிருந்த பெண்ணும் வெளியே வந்துவிட்டது. உள்ளே முட்டை ஆறிக்கொண்டிருக்கிறது, இவர்கள் படம் எடுக்கிறார்கள். எங்கள் பையன் போய் நிறுத்தச் சொன்னான், நண்பரின் மனைவி அதைவிடக் கடுமையாக ஸ்பானிஷில் சொன்னார். நிறுத்தினார்கள். இனப்பெருக்கக் காலத்தில் கூட்டருகே குரல் ஓட்டுகிறவர்களோடு போகாதீர்கள், அவர்கள் எவ்வளவு மலிவாகக் கேட்டாலும் சரி.

இறங்கி வந்து சாப்பிட்ட சான்கோச்சோ என்கிற கோழி சூப்பை எழுதாமல் விட முடியாது. ஊர்க்காரர்கள் சாப்பிடும் 'ஃபோண்டா' என்கிற சின்னக் கடை, நாலு மேசை. நாட்டுக்கோழி, வள்ளிக்கிழங்கு, குலாந்த்ரோ என்ற நீள இலை, இவ்வளவுதான் சூப்பில். காரமே இல்லை. ஆனாலும் அம்மா சளி பிடித்தால் வைக்கும் கோழி ரசத்தைக் குடித்த மாதிரி நெஞ்சு இதமாகிவிட்டது. பக்கத்தில் சோறு, தட்டி இரண்டு முறை பொரித்த வாழைக்காய். ஐந்து டாலருக்குள். அதே தெருவில் வெளிநாட்டவர்களுக்கென்று இருக்கிற உணவகத்தில் முந்தைய நாள் இரவு பதினெட்டு டாலருக்குச் சாப்பிட்டது நினைவிலேயே இல்லை.

காப்பி பற்றியும் ஒரு வார்த்தை. இந்த ஊர் கெய்ஷா காப்பி 2004-இல் ஏலத்தில் பவுண்டு 21 டாலருக்குப் போய் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. எத்தியோப்பியாவில் பிறந்த வகை. ஒரு கோப்பை ஒன்பது டாலர் கொடுத்துக் குடித்தேன். மல்லிகை வாசம், எலுமிச்சைப் புளிப்பு, தேநீர்போல லேசாக இருக்கிறது. அருமையான பானம், ஆனால் காலையில் எனக்குத் தேவைப்படுவது அதுவல்ல.

அந்தக் காப்பியைப் பறிக்கிறவர்கள் நோபே என்கிற பழங்குடி மக்கள். பறிப்புக் காலத்தில் குடும்பத்தோடு மலை ஏறி வருகிறார்கள், பெண்கள் முழங்காலுக்குக் கீழே தொங்கும் பளிச்சென்ற கவுன் அணிந்திருப்பார்கள். பூங்காவில் அவர்கள் ஒரு பக்கம், ஓய்வு பெற்ற அமெரிக்கர்கள் மறுபக்கம். வந்து பத்து வருடமாகியும் 'நன்றி' தவிர ஒரு ஸ்பானிஷ் சொல் தெரியாதவர்களைச் சந்தித்தேன். வேலிக்குள் வீடு, மாலையில் மது, பேச்சு முழுக்க எங்கே எது விலை ஏறிவிட்டது என்பதுதான். மலிவு என்று வந்தவர்கள், அந்த மலிவு குறையக் குறைய எரிச்சலாகிவிடுகிறார்கள். நிலத்தின் விலையை ஏற்றியதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்பதை ஒருவரும் சொல்லவில்லை. நண்பரின் மனைவியோ தோட்டக்காரரிடம் பறவைப் பெயர்களைக் கேட்டுக் கேட்டே மொழியைப் பிடித்திருக்கிறார். காலை நடையில் எதிரில் வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் அவரை நிறுத்திப் பேசுகிறார்கள், எந்த மரத்தில் என்ன வந்திருக்கிறது என்று. அங்கே குடியேறுவதானால் எனக்கு அந்த மாதிரி வாழ்க்கைதான் வேண்டும். அது இல்லையென்றால் கோயம்புத்தூரே போதும்.

போக நினைப்பவர்களுக்கு: கெட்சாலுக்கு பிப்ரவரி முதல் மே வரை நல்ல காலம். வழிகாட்டியை முந்தைய நாளே பேசி வையுங்கள். மழைச் சட்டை கட்டாயம். தங்குவதற்கு ஊர் மையத்திலேயே அறை எடுத்தால் டாக்சிச் செலவு மிச்சம். அங்கேயே குடியேறும் யோசனை இருந்தால், நண்பர் எங்களிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: வீடு வாங்காதே, வாடகைக்கு எடு, எடுக்கிற மாதங்களில் அக்டோபர் இருக்கட்டும், மழை உச்சத்தில் இருக்கும் மாதம் அதுதான். மனைவி இப்போதே அக்டோபர் விமானக் கட்டணம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தாவீத் வரைக்கும் விமானம்தான் என்று இருவரும் பேசி முடித்துவிட்டோம்.