குளித்தலை ஆற்றில் ஆள் கணக்கு

குளித்தலைக்கும் முசிறிக்கும் நடுவே ஓடுவது அகண்ட காவிரி. எவ்வளவு அகலம் என்று பெரியார் பாலத்தை வெயிலில் நடந்து கடந்தவர்களைக் கேட்க வேண்டும். இந்தக் கரையில் பிள்ளைகளைச் சேர்த்து வைத்தது ஆறுதான். ஊற்றுத் தோண்ட மூன்று பேர், துண்டில் மீன் பிடிக்க மூன்று பேர், நீச்சல் பழகக் குறைந்தது இரண்டு பேர். ஆள் குறைந்தால், நேற்றுக் கட்டிப் புரண்டு சண்டை போட்டவனையும் கூப்பிட்டாக வேண்டும். படித்துறைகள் தெருவாரியாகப் பிரிந்து கிடந்த காலத்திலும் மணலில் அந்தக் கணக்கு அவ்வளவாகச் செல்லாது. வீட்டுக்குத் தெரிந்தால் அடி விழும் என்பது வேறு விஷயம்.

மேட்டூர் அணையை ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். மாசி பிறந்ததும் தண்ணீர் வற்றி, மணலில் குட்டை குட்டையாக நிற்கும். அதுதான் துண்டு மீன் பருவம். இரண்டு பேர் துண்டின் நான்கு முனையைப் பிடிக்க, மூன்றாமவன் எதிர்ப்பக்கமிருந்து தண்ணீரைக் கலக்கிக்கொண்டு வருவான். துண்டின் கீழ் விளிம்பு தரையோடு ஒட்டியிருக்க வேண்டும். விரல் கனம் இடைவெளி விட்டாலும் அயிரை அடியில் நழுவிவிடும். கெளுத்தி மாட்டினால் அவசரப்பட்டுக் கையை வைக்கக் கூடாது. முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று முள். குத்தினால் ராத்திரி வரை கடுக்கும்.

ஊற்றுக்குக் கொட்டாங்குச்சி போதும். மேல் மணலைக் காலால் தள்ளி, ஈரம் தட்டும் இடத்தில் தொடங்க வேண்டும். வாயை இரண்டு முழமாவது அகலமாக எடுத்தால்தான் முழங்கால் ஆழம் போகலாம். குறுகலாக எடுத்தால் பக்கம் சரிந்து மூடிக்கொள்ளும். ஒருவன் தோண்ட, ஒருவன் மணலைத் தள்ளிப் போட வேண்டும், ஏனென்றால் விளிம்பிலேயே குவித்த மணல் திரும்ப உள்ளேதான் விழும். மூன்றாமவன் கலங்கல் தண்ணீரை நாலைந்து தடவை இறைத்துக் கொட்டினால் தெளிந்து ஊறும்.

நீச்சலுக்கு நெற்றுத் தேங்காய் இரண்டு. மட்டை உரிக்காமல், ஒரு முழம் கயிறு இடைவெளி விட்டுக் கட்டி, நெஞ்சுக்குக் கீழே கொடுத்தால் இரண்டும் அக்குளோரம் மிதக்கும். கயிறு வயிற்றுக்கு இறங்கினால் இடுப்புத் தூக்கி முகம் தண்ணீருக்குள் போய்விடும். பழகுகிறவனுக்குக் கீழ்ப்பக்கம், ஓட்டம் போகும் திசையில், உயரமான ஆள் நிற்க வேண்டும். அந்த வேலைக்கு யாரை நம்பினார்களோ அவனோடு சினேகிதம் கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

இதில் முதலில் கெட்டது மணல். லாரி லாரியாக அள்ளிய இடங்களில் அடியிலிருந்த களி வெளியே வந்தது. களியில் ஊற்று ஊறாது. நாணலும் சீமைக் கருவேலமும்தான் ஏறும். அள்ளிய குழிகள் இன்னும் மோசம். முழங்கால் தண்ணீரில் நடப்பவனுக்கு அடுத்த அடியில் ஆள் மூழ்கும் ஆழம். குழியின் ஓரம் தளர்ந்த மணல் என்பதால் ஏற ஏறச் சரியும். மேலே தண்ணீர் அமைதியாகவே தெரியும்.

அடுத்து நாள் கணக்கு தவறியது. 2012 முதல் 2019 வரை ஒரு வருடம்கூட மேட்டூர் வழக்கமான ஜூன் 12இல் திறக்கவில்லை. 2012இல் செப்டம்பர் 17, 2017இல் அக்டோபர் 2. எட்டு வருடம் என்றால் ஒரு பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து எட்டாம் வகுப்பு முடிக்கும் காலம். பள்ளி விடுமுறை ஒரு பக்கமும் தண்ணீர் ஒரு பக்கமுமாகப் போனால் நீச்சல் எங்கே பழகுவது? 2024 அதற்கும் மேல். ஜூலை 28இல்தான் திறந்தார்கள். இரண்டே நாளில் அணை 120 அடி நிரம்பி, ஆடிப்பெருக்குக்குள் ஆற்றில் வெள்ளம்.

கூட்டாளிகள் பலர் கரூர் டெக்ஸ்டைல், திருப்பூர், சென்னை என்று போய்விட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் பிறந்தநாள் வாழ்த்தை விட மேட்டூர் நீர்மட்டம்தான் ஒழுங்காக வருகிறது. நேரில் சேர்வது தைப்பூசத்துக்கு, எட்டு ஊர்ச் சாமிகள் குளித்தலைக் கடம்பந்துறைக்கு வந்து கூடும்போது.

அப்போது பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்கள் படித்துறையை விட்டு விலக வேண்டாம். ஆளுயர மூங்கில் கழியால் முன்னே குத்திப் பார்த்தே கால் வைக்க வேண்டும். யாராவது குழியில் சிக்கினால் கூடவே குதிப்பதுதான் பெரிய ஆபத்து. பிடித்துக்கொள்கிறவன் இருவரையும் உள்ளே இழுப்பான். வேட்டியோ கயிறோ வீசி, கரையில் நிற்பவர்கள் படுத்த வாக்கில் இழுக்க வேண்டும். குழிகள் எங்கே என்று தெரிய வேண்டுமானால் வைகாசியில், ஆறு காய்ந்து கிடக்கும்போது, உள்ளூர்ப் பையன் ஒருவனோடு ஒரு நடை நடந்து பாருங்கள்.