கறையானுக்கு வாயு வைத்த மூன்று நாட்கள்

ஜன்னல் சட்டத்துக்குக் கீழே கசகசா போலக் கொட்டிக் கிடந்ததைத் தூசி என்று நினைத்து இரண்டு வாரம் பெருக்கித் தள்ளியிருக்கிறேன். ஒருநாள் உள்ளங்கையில் எடுத்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு துகளும் ஒரே அளவு, ஆறு பட்டை. உலர்மரக் கறையானின் எச்சம் அது. மண்ணிலிருந்து புற்று கட்டி ஏறி வரும் கறையான் வேறு. இதற்கு மண்ணே தேவையில்லை, மரத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்து குடித்தனம் நடத்தும். பரண் உத்திரம் வரை போய்விட்டது, துளைபோட்டு மருந்து ஏற்றினால் எட்டாது, கட்டடத்தையே தார்ப்பாயால் மூடி வாயு வைக்க வேண்டும் என்றார்கள்.

முதலில் வந்தவர் மிகச் சாதாரணமாகப் பேசினார். "ராத்திரி வச்சுடுவோம், காலையில ஜன்னலத் திறந்து விடுங்க மேடம். வாடை போயிடுச்சுன்னா உள்ள வந்துடலாம்." கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் வைப்பதாகச் சொன்ன சல்பூரில் ஃபுளோரைடு வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. இல்லாத வாடை போய்விட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? அவரை அப்போதே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சிலர் மாத்திரை வாங்கி நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்றும் யோசனை சொன்னார்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரம் பட்டு பாஸ்பீன் வாயுவை விடும். அதன் விஷத்தை முறிக்க மருந்தே இல்லை. தானியக் கிடங்குக்கான பொருள், அதுவும் பயிற்சி பெற்றவர் கையில். குடியிருக்கும் வீட்டுப் பக்கம் அது வரவே கூடாது.

இரண்டாவதாக வந்தவர் கறையானைப் பார்ப்பதற்கு முன்பே பக்கத்து வீட்டைப் பார்த்தார். எங்கள் வீடும் அந்தப் பாட்டியின் வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவை. எங்கள் கூடத்து சுவிட்ச் பெட்டியின் மூடியைக் கழற்றி, மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை வயர்க் குழாயின் வாயருகே பிடித்தார். காகிதம் படபடத்தது. குழாயின் மறுமுனை பாட்டி வீட்டுப் படுக்கையறையில். "காத்து வர்ற வழியில வாயுவும் போகும் மேடம். நம்ம கணக்குக்கு இது ரெண்டு வீடு இல்ல, ஒரே கட்டடம்" என்றார். அந்தக் காகிதம் ஆடியது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. கூச்சப்பட்டுக்கொண்டே போய்ப் பாட்டியிடம் சொன்னேன். "நீ வந்து சொன்னியே, அதுவே போதும்மா. ரெண்டு வீட்டையும் சேத்தே மூடச் சொல்லு, நான் மக வீட்டுக்குப் போறேன்" என்றார். அந்தச் சம்மதம் இல்லாமல் இந்த வேலையைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

அதற்கப்புறம்தான் நிஜமான வேலை. நாய், தொட்டி மீன்கள், செடிகள் எல்லாம் வெளியே. மூச்சுவிடும் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. கண்ணாடியிலோ தகரத்திலோ தொழிற்சாலை மூடியது மூடியபடி இருப்பவை அப்படியே இருக்கலாம். பிரித்த மாவு, தானியம், குளிர்பெட்டியில் உள்ளவை, மருந்து மாத்திரைகள், நாய்த் தீனி எல்லாவற்றையும் ஒன்று வெளியே கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் அதற்கென்றே அவர்கள் தரும் பையில் போட்டுக் கட்டி, மறுபடி இன்னொரு பையில் போட்டுக் கட்ட வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் பை வாயுவைத் தடுக்காது. எனக்கு அந்தக் கட்டும் வேலையில் நம்பிக்கை வரவில்லை. வாயில் போகிற எல்லாவற்றையும் வெளியே கொண்டுபோய்விட்டேன்.

அடுப்பு, வெந்நீர் சாதனம் இவற்றில் சின்னத் தீ கூட எரியக் கூடாது. வாயு எரிந்துவிடும் என்பதால் அல்ல, அது எரியாது. சூட்டில் சிதைந்து அமிலமாக மாறி உலோகத்தையும் கண்ணாடியையும் அரிக்கும். அலமாரி, இழுப்பறை, பெட்டி, பரண் கதவு எல்லாம் திறந்தே இருக்க வேண்டும். மூடிய இடத்துக்குள் வாயு மெதுவாகப் போகும், போனது வெளியேறவும் மெதுவாகத்தான் வெளியேறும். இதே காரணத்துக்காகத்தான் நீர்புகாத பிளாஸ்டிக் உறை போட்ட மெத்தை, தலையணைகளை வெளியே எடுக்கச் சொன்னார், அல்லது உறையைக் கழற்றச் சொன்னார். குழந்தைகளின் மெத்தைகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை. என் மகளுடையதை எடுத்துவிட்டேன். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை சுவரோரச் செடிகளை ஒதுக்கிக் கட்டி, மண் நனைய நனையத் தண்ணீர் விட்டோம். ஈர மண்ணுக்குள் வாயு அவ்வளவாக இறங்காது, வேர் தப்பிக்கும். தார்ப்பாயின் ஓரத்தை மணல் நிரப்பிய நீளப் பைகளால் அழுத்தினார்கள். அவர் அறை அறையாக, கட்டிலுக்கு அடியில், பாட்டி வீட்டுக் குளியலறையில் எல்லாம் தேடி யாரும் இல்லை என்று உறுதி செய்த பிறகு, முதலில் குளோரோபிக்ரின் வைத்தார். கண்ணைக் கரிக்க வைக்கும் பொருள் அது. தப்பித் தவறி யாராவது உள்ளே இருந்தாலோ நுழைந்தாலோ அந்த எரிச்சல் அவர்களை வெளியே விரட்டும். பிறகுதான் வாயு. கதவுகளுக்கு அவர் தனிப் பூட்டு போட்டார். எங்கள் சாவியால் எங்களாலேயே திறக்க முடியாது. நான்கு பக்கமும் மண்டையோடு போட்ட எச்சரிக்கைப் பலகை, வாயுவின் பெயர், தேதி, நேரம்.

ஒரு நாள் முழுக்க அப்படியே இருந்தது. பிறகு தார்ப்பாயை விலக்கி, மின்விசிறி வைத்துக் காற்றோட்டம் விட்டார்கள். மூன்றாம் நாள் அளவுமானியோடு அவர் மட்டும் மூச்சுக் கருவி மாட்டிக்கொண்டு உள்ளே போனார். காற்றின் பத்து லட்சம் பங்கில் வாயு ஒரு பங்குக்கு மேல் இருந்தால் உள்ளே வர அனுமதி இல்லை. கூடம் பூஜ்யம், சமையலறை பூஜ்யம், பாட்டி வீடு முழுக்கப் பூஜ்யம். கண் எரிச்சலும் இல்லை. மகளின் அறை அலமாரியில் மட்டும் 3.

மேல்தட்டில், பழைய போர்வைகளுக்குப் பின்னால், அவள் தொட்டிலில் கிடந்த காலத்துச் சின்ன மெத்தை இருந்தது. பிளாஸ்டிக் உறையோடு. அதை அங்கே வைத்தது நான்தான், வைத்ததையே மறந்திருந்தேன். எரிச்சல் இல்லை, வாடை இல்லை. கருவி சொல்லியிருக்காவிட்டால் அன்றிரவு அவளை அந்த அறையில்தான் படுக்க வைத்திருப்பேன். அவர் மெத்தையை வெளியே எடுத்துப்போய் வெட்டவெளியில் போட்டு, இன்னும் மூன்று மணி நேரம் விசிறி ஓடவிட்டு, மறுபடி முதல் அறையிலிருந்து அளந்தார். எல்லாம் பூஜ்யம் என்று கைப்பட எழுதி வாசலில் ஒட்டிய பிறகுதான் பூட்டைக் கழற்றினார்.

பாத்திரங்களைக் கழுவ வேண்டியதில்லை என்றார். இந்த வாயு பொருள்மேல் படிந்து தங்காது. அதே காரணத்தால் நாளை புதிதாக ஒரு கறையான் வந்தாலும் அதைத் தடுக்க மரத்தில் ஒன்றும் மிச்சமிருக்காது. ஜன்னல் சட்டத்துத் துளைகளை அந்த வாரமே அடைத்து, வர்ணம் பூசினோம். பழைய துகள்கள் கொஞ்ச நாள் உதிரும், பயப்பட வேண்டாம் என்று சொல்லியிருந்தார். சட்டத்துக்குக் கீழே ஒரு வெள்ளைக் காகிதம் விரித்து, ஞாயிறுதோறும் தட்டிப் பார்க்கிறேன். நாலு வாரமாகக் காகிதம் சுத்தமாக இருக்கிறது.