ஆறாவது விரல்

சித்திர மாஸ்டர் காலமான செய்தி வந்த அன்று, தொலைபேசியில் துக்கம் பகிர்ந்த நண்பர்கள் எல்லோரும் என்னை "ஆறுவிரல்" என்றே அழைத்தார்கள். வழுக்கையும் பிரித்தானியக் குடியுரிமையும் அந்தப் பெயரை அசைக்கவில்லை.

பின் விறாந்தையில் மாஸ்டர் எங்களுக்கு வெள்ளிமுனைச் சித்திரம், அதாவது வெள்ளிக் கம்பியால் கீறும் படம், பழக்கிய அந்தக் கூத்து யாருக்குத்தான் மறக்கும்? துத்தநாக வெள்ளையை விளாம்பிசினில் குழைத்து, தடித்த தாளில் மூன்று தடவை பூசிக் காயவைப்போம். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிப் பட்டறையில் வாங்கிய வெள்ளிக் கம்பித் துண்டைக் குச்சியில் இறுக்கி, நுனியைக் கல்லில் உரைத்து மழுக்கித் தருவார். கூராக இருந்தால் பூச்சைக் கிழித்துவிடும். எழுத்தாணி ஓலையைக் கீறும். வெள்ளியோ தான் தேய்ந்து கோடாகும். எவ்வளவு அழுத்தினாலும் கருக்காது. நிழல் வேண்டுமென்றால் கோட்டின் மேல் கோடாக அடுக்கவேண்டும். அழிறப்பருக்கு அங்கே வேலையே இல்லை.

பென்சில் சித்திரத்தில் முதல் பரிசு எனக்குத்தான் என்பதால் அவருடைய கண் என்மீது இருந்தது. "ஜேர்மன் ஓவியன் டியூரர் 1484 இல் கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே கீறினான், வயது பதின்மூன்று. நீர் உம்முடைய இடக்கையைக் கீறும்" என்றார். பெருவிரல் இடம் தப்பியது. பக்கத்தில் இன்னொன்று கீறினேன். இரண்டும் நின்றுவிட்டன. பரிசளிப்பு விழாவன்று அதை மண்டப வாசலில் தொங்கவிட்டார் மனிதர். பெற்றோர் எல்லோரும் விரல்களை எண்ணிக்கொண்டு உள்ளே போனார்கள். ஆசிரியர் செய்கிற காரியமா அது? இன்றைக்கும் எனக்கு ஒப்பவில்லை.

"பொறுத்திரும், கோடு பழுத்த பிறகுதான் படம் முடியும்" என்றார். காற்றிலுள்ள கந்தகம் பட்டு வெள்ளிக்கோடு கபில நிறமாகும். அதற்கு ஆண்டுகள் பிடிக்கும். நான் 1984 இல் புறப்பட்டபோது அது சாம்பல் நிறம்தான். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் அம்மா தூக்கிச் சென்ற பெட்டியில் அது இல்லை.

முற்றாகப் பழுத்த கோட்டை 2015 இல் பிரித்தானிய அருங்காட்சியகத்தில்தான் பார்த்தேன். வெள்ளிமுனைச் சித்திரங்களுக்கென்றே கண்காட்சி வைத்திருந்தார்கள். லியனார்டோவின் போர்வீரனுடைய மார்புக்கவசச் சிங்கத்தை மூக்கு முட்டப் பார்த்துக்கொண்டு நின்றேன். காவலாளி தள்ளி நிற்கச் சொன்னார். மாஸ்டர் இதையெல்லாம் அச்சுப் படங்களில் மட்டுமே பார்த்தவர். ஒருமுறை இங்கே கூப்பிட்டிருக்கலாம்.

சங்கம் அவர் பெயரில் பரிசு நிதி தொடங்குகிறதாம். என் பங்கை அன்றைக்கே அனுப்பிவிட்டேன். காசு அனுப்புவது நமக்குக் கைவந்த கலைதானே.