கடப்பாவுக்குக் காத்திருந்த இரண்டு வாரம்

ஜனவரி 20, 2025, திங்கள்

வங்கிக் கிளை ஒன்றின் கணக்குகளைத் தணிக்கை செய்வதற்காகக் கும்பகோணம் வந்து, கும்பேசுவரர் கோயிலுக்கு அருகில் இரண்டு வாரத்துக்கு அறை எடுத்திருக்கிறேன். விடுதிக் காவலாளி சொன்ன அடையாளத்தை வைத்துக் காலை ஆறரை மணிக்கு ஒரு பழைய சிற்றுண்டிக் கடைக்குப் போனேன். ஓட்டுக்கூரை, சிவப்புச் சாந்துத் தரை, கல் பதித்த எட்டு மேசைகள், கல்லாவுக்கு மேலே சுவாமி படங்கள், பக்கத்துக் கரும்பலகையில் அன்று கிடைப்பவற்றின் பட்டியல். அறுபதைத் தாண்டிய சப்ளையர் ஒருவர் இலைத் துண்டைப் போட்டு, நான் தண்ணீர் தெளித்துத் துடைத்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, அதன்பிறகே இட்லியை வைத்தார். இலை நனைவதற்கு முன்பே பலகாரத்தைக் கொண்டுவந்து கொட்டிவிடும் கடைகளில் பல ஆண்டுகள் சாப்பிட்டுப் பழகிய எனக்கு, அந்த ஒரு நிமிட நிதானமே பெரிய மரியாதையாகத் தோன்றியது.

இட்லிமேல் ஊற்றிச் சாப்பிடும் பாசிப்பருப்பு, உருளைக்கிழங்குக் குழம்பான கடப்பாவை இந்த ஊருக்கு வந்தால் சாப்பிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதைக் கேட்டேன்.

"கடப்பா ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் சார். ஏழு மணிக்குள்ள வந்துருங்க" என்றார்.

ஜனவரி 21, செவ்வாய்

இட்லியைப் பற்றி எழுத வேண்டும். வெளிப்புறம் லேசாக ஈரம் மின்ன, நடுவில் விரலை வைத்தால் அமுங்கி மீண்டும் எழும் இட்லி அது. தட்டில் துணி விரித்து ஊற்றியதால் அடிப்பக்கத்தில் துணியின் இழைத்தடம் மெல்லிய கட்டங்களாகப் பதிந்திருந்தது. எண்ணெய் தடவிய குழித்தட்டில் வேகும் இட்லிக்கு இந்தத் தடம் வராது, இந்த மென்மையும் எளிதில் வராது.

சாப்பிட்டு முடித்ததும் அடுக்களையை எட்டிப் பார்க்க அனுமதி கேட்டேன். சரக்கு மாஸ்டர் மறுக்கவில்லை. நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு முழு உளுந்து என்பதே அவருடைய கணக்கு. உளுந்தைத் தனியாகப் பொங்கப் பொங்க அரைக்க வேண்டும் என்பதில் அவருக்கு விட்டுக்கொடுத்தல் கிடையாது. மாவைப் புளிக்க வைப்பதற்கு ஈஸ்ட் எதையும் யாரும் சேர்ப்பதில்லை. அரிசியோடும் உளுந்தோடும் ஒட்டிக்கொண்டு வரும் நுண்ணுயிர்களே இரவெல்லாம் வேலை செய்து வாயுவை உண்டாக்குகின்றன. உளுந்தின் பசைத்தன்மை அந்த வாயுவை வெளியேறவிடாமல் பிடித்துக்கொள்வதால்தான் மாவு எழும்புகிறது. குளிரில் இந்த வேலை மந்தமாகும் என்பதால், தைப் பனி முடியும்வரை அரைக்கும் நேரத்தை முன்னதாக மாற்றிக்கொண்டு, மாவுப் பாத்திரங்களைச் சாக்குப் போர்த்தி அடுப்புத் திண்ணையை ஒட்டி வைக்கிறார்கள். காலை ஆறு மணி இட்லி முந்தின நாள் மாலையிலேயே தொடங்கிவிடுகிறது.

ஜனவரி 22, புதன்

வெண்பொங்கல். மிளகு முழுசாக, இஞ்சி பொடியாக, நெய் தேவைக்குச் சற்றுக் கூடுதலாக. பதினொரு மணிவரை பசி எடுக்கவில்லை.

ஜனவரி 23, வியாழன்

இன்று என் எதிரே ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்தார். எண்பது வயது இருக்கும். சுவரில் மங்கலாகத் தெரியும் நீளமான பூச்சு ஒன்றைக் காட்டி, "அங்க ஒரு தடுப்பு இருந்துச்சு தம்பி. அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் நாம. எங்கப்பா இந்தப் பக்கந்தான் உக்காருவாரு" என்றார்.

பழைய உணவகங்களைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் இதை எழுதாமல் விடுவது சரியில்லை என்று நினைக்கிறேன். ரயில் நிலைய உணவகங்களில் பிராமணருக்குத் தனி இடம் ஒதுக்கும் வழக்கம் 1941-இல்தான் ஒழிந்தது. உணவகப் பெயர்ப்பலகைகளில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்க வேண்டும் என்று 1957-இல் பெரியார் போராட்டம் தொடங்கினார். சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே முன்னால் மாதக்கணக்கில் மறியல் நடந்து, நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள். அதற்குப் பிறகு பிறந்த நான், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் இந்த மேசையில் சாப்பிடுகிறேன். அவர் என்னைப் பார்த்தபடி வடையைச் சாம்பாரில் அமுக்கிவிட்டு, "இப்ப வடை அதே வடைதான். ஆனா நல்லா இறங்குது" என்றார்.

ஜனவரி 25, சனி

ரவா தோசையை நம்பி வந்தால் இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும், காத்திருந்தேன். தோசை மாஸ்டர் கல்லில் தண்ணீரைத் தெளித்து, தென்னந்துடைப்பத்தால் ஒரே வீச்சில் கூட்டி, கல் சீறி அடங்கிய பிறகு, பாதியாக வெட்டிய வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்துத் தேய்த்தார். நீர்த்த ரவை மாவைக் குவளையால் ஓரத்திலிருந்து உள்நோக்கி வீசினார்; விழுந்த இடத்தில் மாவும் விழாத இடத்தில் துளையுமாக வலைபோல விரிந்தது. நடுவில் விட்டுப்போன ஓர் இடத்தை அவர் திரும்ப நிரப்பவில்லை. நிரப்பியிருந்தால் அந்த இடம் மட்டும் தடித்துப் போயிருக்கும்.

காபியைப் பற்றியும் இங்கேயே எழுதிவிடுகிறேன். பாலின் அடர்த்தியை அளக்கும் லாக்டோமீட்டரில் டிகிரி பார்த்து வாங்கிய, தண்ணீர் கலக்காத பாலில் போட்ட காபி என்பதே டிகிரி காபி என்ற பெயருக்குப் பெரும்பாலோர் சொல்லும் காரணம். சிக்கரி என்ற சொல்தான் திரிந்தது என்பவர்களும் உண்டு. நான் பாலின் கட்சி. இங்கே பால் வந்தவுடன் காய்ச்சுகிறார்கள், பித்தளை ஃபில்டரில் இறங்கிய முதல் டிகாஷனை மட்டும் காபிக்குப் பயன்படுத்துகிறார்கள், காய்ந்த பாலைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவிடுவதில்லை. பித்தளை டவராவில் ஊற்றிக் கொடுத்தாலே கும்பகோணம் காபி ஆகிவிடும் என்று நெடுஞ்சாலை ஓரங்களில் பலகை மாட்டியிருப்பவர்கள் ஒருநாள் இங்கே வந்து இந்தப் பாலைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

ஜனவரி 26, ஞாயிறு

தவறவிட்டேன். குடியரசு நாள் என்பதால் கிளையில் ஏழு மணிக்குக் கொடியேற்றம். முடித்துக்கொண்டு எட்டே காலுக்கு ஓடி வந்தபோது வாசல் திண்ணைவரை ஆட்கள் காத்திருந்தார்கள், கடப்பா தீர்ந்திருந்தது. இன்னொரு முறை செய்யக்கூடாதா என்று கேட்டுவிட்டேன். "அவசரமா வச்சா பருப்பும் கிழங்கும் தனித்தனியா நிக்கும் சார். உங்களுக்கே பிடிக்காது" என்று சப்ளையர் அண்ணன் சொன்ன பதிலில் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. இட்லியைச் சட்னியோடு சாப்பிட்டேன். ஏமாற்றமாகத்தான் இருந்தது.

ஜனவரி 29, புதன்

தை அமாவாசை. விடியற்காலையிலேயே மகாமகக் குளக்கரையிலும் காவிரிப் படித்துறைகளிலும் தர்ப்பணம் கொடுப்பவர்கள் கூடிவிட்டதால், கடை பாதிக்கு மேல் காலி. சாம்பாரில் இன்று வெங்காயம் இல்லை. துவரம்பருப்பின் மணமும் பெருங்காயமும் எடுப்பாகத் தெரிந்தன.

பிப்ரவரி 2, ஞாயிறு

மதியம் ரயில். ஆறு மணிக்கெல்லாம் கதவு திறக்குமுன் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். என்னைப் பார்த்துச் சப்ளையர் அண்ணன் சிரித்துக்கொண்டே, "இன்னிக்கு உங்களுக்குத்தான் முதல் வாளி" என்றார்.

கடப்பாவைக் குருமா என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். சாம்பார் என்று நினைத்தாலும் அப்படித்தான். குழைய வெந்த பாசிப்பருப்பில், வேகவைத்த உருளைக்கிழங்கைக் கையால் உதிர்த்துப் போட்டு, தேங்காய், பொட்டுக்கடலை, கசகசா, சோம்பு, பூண்டு, பச்சைமிளகாய் அரைத்த விழுதை ஊற்றிக் கொதிக்கவிடுகிறார்கள். தாளிதத்தில் பட்டை, கிராம்பு, சின்ன வெங்காயம். புளியோ தக்காளியோ ஊற்றிச் செய்த புளிப்பு இல்லை. இறக்கிய பிறகு பிழிந்த எலுமிச்சை மட்டுமே. மிளகாய்த்தூள் சேராததால் நிறம் வெளிர் மஞ்சளாக இருக்கிறது. கரண்டியிலிருந்து இட்லிமேல் விழுந்தபோது அது ஓடிப் பரவவில்லை. இட்லியின் விளிம்பில் ஒரு கணம் நின்று, பிறகு மெதுவாக இலைக்கு இறங்கியது. முதல் வாயில் தேங்காய், அடுத்து சோம்பு, விழுங்கிய பிறகு தொண்டையில் பச்சைமிளகாய். கிழங்கு பருப்புக்குள் கரைந்தும் கரையாமலும் இருந்தது. போன வாரம் அண்ணன் சொன்னது இதைத்தான்.

நான்கு இட்லி சாப்பிட்டேன். நான்காவது இட்லிக்குக் கேட்காமலேயே இன்னொரு கரண்டி விழுந்தது. இலையை என் பக்கமாக மடித்துவிட்டு, கை கழுவி வந்தபோது டவராவில் காபி ஆறாமல் இருந்தது.