உப்பு போட்டுச் சொதப்பிய கதை

நேற்று மதியம் முழுக்க உட்கார்ந்து செய்த வேலை, ஒரு சின்ன குழாய்க்குள் நீர்மோர் மாதிரி கலங்கி, ஐந்து நிமிடத்தில் அடியில் திப்பியாகப் படிந்துவிட்டது. கிண்டியிலிருந்து வீட்டுக்கு ரயிலில் வரும்போது, எங்கே தப்பு என்று யோசித்துக்கொண்டே வந்ததில் நான் இறங்க வேண்டிய ஸ்டேஷனே போய்விட்டது.

வேலை இதுதான். டிஎன்ஏவை செல்லுக்குள் அனுப்ப வேண்டும். அது எதிர்மின் சுமை கொண்ட நீளச் சங்கிலி. ஒரு நானோமீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 6 எதிர்மின் சுமை, எல்லாம் பாஸ்பேட்டில் இருப்பவை. செல்லின் மேற்பரப்பும் எதிர்மின்தான், அதனால் சும்மா ஊற்றினால் கிட்டே அண்டாது. எனவே பாலிஎத்திலீனிமைன் என்ற நேர்மின் பாலிமரோடு (நாங்கள் பிஇஐ என்போம், 1995லிருந்து இந்த வேலைக்குப் பயன்படுகிறது) கலந்தால், இரண்டும் சேர்ந்து சுருண்டு, நூறு நானோமீட்டர் அளவில் உருண்டையாகிவிடும்.

ஏன் சேர்கின்றன என்று கேட்டால் எல்லோரும் "எதிரெதிர் சுமை ஈர்க்கும்" என்பார்கள். நானும் வைவாவில் அதைத்தான் சொன்னேன், மார்க்கும் கிடைத்தது. ஆனால் அது பாதி உண்மைதான். தண்ணீரில் டிஎன்ஏ தனியாகவா நிற்கிறது? சோடியம் அயனிகள் ஏற்கெனவே அதை மொய்த்துக்கொண்டிருக்கின்றன. சுமையில் முக்கால்வாசியை அவையே மறைத்துவிடும் என்று மானிங் என்ற விஞ்ஞானி 1969லேயே கணக்குப் போட்டுக் காட்டினார். பிஇஐயைச் சுற்றியும் அதே மாதிரி குளோரைடு.

கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசை அம்மாக்கள், ஆளுக்கொரு குழந்தையைக் கையில் பிடித்தபடி நிற்கிறார்கள். எதிரே இன்னொரு வரிசை, அங்கேயும் அப்படியே. திடீரென்று இரண்டு வரிசையும் கைகோத்துக் கும்மியடிக்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? பிடித்திருந்த கைகள் காலி, அத்தனை குழந்தைகளும் மண்டபம் முழுக்க ஓட்டம். அந்த அமளிதான் என்ட்ரோபி. டிஎன்ஏவும் பாலிமரும் சேரும்போது அயனிகள் விடுபட்டு ஓடுவதில் கிடைக்கும் ஆதாயம்தான் இந்தச் சேர்க்கையைத் தள்ளும் பெரிய விசை. ஈர்ப்பு மட்டுமே காரணமென்றால் வெப்பம் வெளிவர வேண்டும், ஆனால் அளந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் வெளிவராது, பல சமயம் கொஞ்சம் உறிஞ்சவே செய்யும்.

இதில் புதுசாக ஒன்றுமில்லை. 1874லேயே மீஷர் என்ற விஞ்ஞானி, ரைன் நதி சால்மன் மீனின் விந்தில் புரோட்டமினைக் கண்டுபிடித்தார். அங்கே டிஎன்ஏவைச் சுருட்டி அடைத்து வைப்பதே அந்த நேர்மின் புரதம்தான். பெரியப்பாவுக்கு பைபாஸ் நடந்தபோது ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின் கொடுத்து, முடிந்ததும் அதை முறிக்க ஊசி போட்டார்களே, அதுவும் புரோட்டமின்தான். ஹெப்பரின் ஒரு எதிர்மின் சங்கிலி, அங்கேயும் அதே கும்மி.

சரி, என் குழாய்க்கு வருகிறேன். கணக்கில் தப்பில்லை. 1 மைக்ரோகிராம் டிஎன்ஏவில் 3 நானோமோல் பாஸ்பேட், 1 மைக்ரோகிராம் பிஇஐயில் 23 நானோமோல் நைட்ரஜன் (பிஇஐயின் நேர்மின் சுமை உட்காருவது இந்த நைட்ரஜனில்தான்). எடைக்கு எடை போட்டாலே ஒரு பாஸ்பேட்டுக்கு ஏழெட்டு நைட்ரஜன் வந்துவிடும். எல்லா நைட்ரஜனும் சுமை ஏறியிருக்காது என்பதால் இப்படி அதிகமாகத்தான் போடுவோம். மிச்ச நேர்மின் உருண்டையின் மேலே நிற்கும், உருண்டைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக மிதக்கும்.

தப்பு பாட்டிலில். 5 சதவீத குளுக்கோஸில் கலக்க வேண்டியதை, பக்கத்திலிருந்த பிபிஎஸ்ஸில் கலந்திருக்கிறேன். இரண்டும் ஒரே மாதிரி பாட்டில், லேபிளைப் பார்க்கச் சோம்பேறித்தனம். பிபிஎஸ் நம் ரத்தம் அளவுக்கு உப்புக் கரைசல். அந்த உப்பு உருண்டைகளின் மேலிருக்கும் சுமையை மறைத்துவிடுகிறது, தள்ளுவதற்கு ஒன்றுமில்லாமல் அவை ஒட்டிக்கொண்டே போகின்றன, திப்பி ஆகிறது.

இங்கேதான் நான் ரொம்ப நேரம் குழம்பினேன். உப்பு சேர்த்தால் சேர்க்கை பிரிய வேண்டும் என்றல்லவா படித்தோம்? பிரியும்தான், ஆனால் அதற்கு உப்பு இன்னும் பல மடங்கு வேண்டும். மண்டபத்தில் ஏற்கெனவே ஐந்நூறு குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் பத்தை அவிழ்த்துவிட்டு என்ன ஆதாயம், கும்மிக்கே அர்த்தமில்லை. பிபிஎஸ் அளவு உப்பு அதற்குப் போதாது. உருண்டை உடையவில்லை, உருண்டைகளுக்கு இடையிலிருந்த விலக்கம்தான் போயிற்று. இரண்டும் வேறு வேறு விஷயம்.

இன்று காலை குளுக்கோஸில் மறுபடி செய்தேன் (லேபிளை இரண்டு முறை படித்துவிட்டு). கரைசல் தெளிவாகவே நின்றது. மின்சாரத்தால் டிஎன்ஏவை ஓடவைத்துப் பார்க்கும் ஜெல்லில் ஏற்றினால், உருண்டைக்குள் மாட்டிய டிஎன்ஏ ஊற்றிய குழியை விட்டு நகரவில்லை, அப்புறம் இன்னொரு குழாயில் கொஞ்சம் ஹெப்பரின் விட்டு ஓட்டினேன், பாலிமரை அது பிடுங்கிக்கொள்ள, டிஎன்ஏ பழையபடி தன் இடத்தில் பளிச்சென்று ஒரு பட்டையாக வந்து நின்றது.