என் கண்ணாடியைக் காணோம்

எங்கள் வீட்டுச் சின்னவனைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. பாத்ரூம் விளக்கை அணைக்கச் சொல்லி நாலு தடவை கத்தினாலும் காதில் விழாது. அப்பேர்ப்பட்டவன் போன வெள்ளிக்கிழமை ராத்திரி நியூ ஜெர்சி டீனெக்கில் ஒரு வீட்டுச் சாப்பாட்டு அறை விளக்கை முதுகாலேயே அணைத்து, 14 பேரை இருட்டில் உட்கார வைத்துவிட்டான்.

எல்லாம் எதிர் வீட்டுப் பையனால் வந்தது. அவர்கள் யூதர்கள். அவன் வீட்டில் இஸ்ரேலின் ஹைஃபாவிலிருந்து ஒரு பெண் பத்து நாளைக்கு வந்து தங்கியிருக்கிறாள். கோடை விடுமுறையில் இவன் அங்கே போவான். பண்பாட்டுப் பரிமாற்றமாம். நாம் லீவுக்குச் சித்தி வீட்டுக்குப் போனதற்கெல்லாம் யாரும் பெயர் வைக்கவில்லை. யூதர்களுக்குள் இருக்கும் பிரிவுகளை இந்தப் பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. எதிர் வீட்டுப் பையன் போகிற இடத்துக்கெல்லாம் சின்னவன் போவான். சின்னவனை ஏற்றி இறக்க நான். இவருக்கு வழக்கம்போல ஆபீஸ் கால்.

முதலில் போனது ரிஃபார்ம் என்கிற தாராளப் பிரிவின் சினகாக், அதாவது யூதர் கோயில். ரபை, அதாவது அவர்களின் மதகுரு, ஒரு பெண்மணி, கையில் கிடார். ஹைஃபாப் பெண் வாயைப் பிளந்துவிட்டாள். அவள் நாட்டில் தலைமை ரபை பதவியெல்லாம் ஆர்த்தடாக்ஸ் என்கிற ஆசாரப் பிரிவின் ஆண்களுக்குத்தான். "இங்கே 1972-லேயே பெண் ரபை வந்தாச்சு" என்றான் எதிர் வீட்டுப் பையன், தானே பட்டம் கொடுத்தவன் மாதிரி.

திரும்பி வரும்போது காரில் அவள் வட்டியோடு தீர்த்துக்கொண்டாள். பதின்மூன்று வயதில் நடக்கும் பார் மிட்ஸ்வா சடங்குக்காக மாசக்கணக்கில் உருப்போட்ட தோரா (அவர்கள் வேதம்) பகுதியை அவன் ராகம் பிசகாமல் பாடிக் காட்டினான். "சரி, அர்த்தம்?" என்றாள். முழித்தான். அவள் மடமடவென்று சொல்லிவிட்டாள். தாய்மொழி ஹீப்ரூ, பள்ளியில் பைபிள் கட்டாயப் பாடம் வேறு. "நீ கடைசியாக எப்போது சினகாக் போனாய்?" என்று இவன் திருப்பினான். இப்போது அவள் முழித்தாள். "நாங்கள் போகாமல் இருக்கிற சினகாக் ஆர்த்தடாக்ஸ்" என்றாள் கௌரவமாக. தமிழ்ப் பள்ளியில் 20 குறள் ஒப்பித்துக் கோப்பை வாங்கிய சின்னவன் ஜன்னலுக்கு வெளியே ஏதோ தீவிரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை, அந்த ஆர்த்தடாக்ஸ் வீடு. நான் பாட்டுக்குத் தயிர்சாதம் எடுத்துப்போகப் பார்த்தேன். இறைச்சி வைக்கிற மேஜையில் பால், தயிர் கூடாது, வெளிச்சமையலும் ஆகாது, பூ போதும் என்றார்கள். என் மாமியாரின் மடி ஆசாரத்தில் தேறியவளுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்?

சூரியன் மறைய 18 நிமிஷம் முன்பே மெழுகுவர்த்தி ஏற்றியாகிவிட்டது. அதற்கப்புறம் சனிக்கிழமை இருட்டும் வரை அவர்களின் ஓய்வு நாள், சுவிட்சைத் தொடக்கூடாது. வழக்கமாக அதன்மேல் பிளாஸ்டிக் மூடி போட்டிருப்பார்களாம். அன்றைக்குப் பார்த்துப் போடவில்லை. சின்னவன் சாய்ந்தான். டப். ஓரத்தில் இரண்டு மெழுகுவர்த்தி மட்டும், அதுவும் அணைகிற தறுவாயில்.

ரிஃபார்ம் பையன் ஒருவன் "நான் போடுகிறேனே" என்று எழுந்தான். பக்கத்திலிருந்தவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். எதிர் வீட்டுப் பையன், இரண்டுக்கும் நடுவிலிருக்கும் கன்சர்வேடிவ் பிரிவில் சனிக்கிழமை சினகாக் போவதற்கு மட்டும் காரோட்டலாம் என்று 1950-லேயே தீர்ப்பாகிவிட்டது என ஆரம்பித்தான். "எங்கள் ஊரில் சனிக்கிழமை பஸ்ஸே ஓடுகிறது" என்றாள் ஹைஃபாப் பெண். வீட்டுத் தாத்தாவுக்கு ஒரே குஷி. விளக்கு இருந்தபோது இவ்வளவு வாக்குவாதம் நடக்கவில்லை.

வீட்டுக்கார அம்மாள் மட்டும் பொதுவாகச் சொன்னார்: "இந்த அறை கொஞ்சம் இருட்டுதான்." கொஞ்ச நேரம் கழித்து, "மீனில் முள் இருந்தாலும் இருக்கும்."

எனக்குப் பொறி தட்டியது. 19 வருஷப் பயிற்சி சும்மாவா? "டிகாக்ஷன் வாசனை வருகிறதே" என்று மாமியார் சொன்னால் காபி கொடு என்று அர்த்தம். "வெயில் நன்றாக அடிக்கிறது" என்றால் வடாம் பிழிய வா. நேராகக் கேட்டதாகச் சரித்திரமே இல்லை.

எழுந்தேன். "அடடா, என் கண்ணாடியைக் காணோமே" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி, போய் சுவிட்சைப் போட்டேன். யூதரல்லாதவர் தனக்காக விளக்கேற்றினால் அந்த வெளிச்சத்தில் யூதரும் உட்காரலாம், அவர்களுக்காகவே ஏற்றினால் கூடாது. 1,800 வருஷத்துக்கு முன்பு தொகுத்த மிஷ்னா என்கிற சட்டநூலிலேயே இருக்கிறதாம், தாத்தா அப்புறம் சொன்னார். கண்ணாடி என் தலைமேல் இருந்ததை 13 பேரும் பார்த்தார்கள். ஒருவரும் மூச்சு விடவில்லை. நன்றியும் சொல்லவில்லை. என் தட்டில் இரண்டாவது துண்டு உருளைக்கிழங்கு குகல் விழுந்தது. (முட்டை போட்டது. மாமியார் காதுக்குப் போகக்கூடாது.)

சனிக்கிழமை காலையில் திருச்சிக்குப் போன் போட்டு, குகலை மட்டும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மாமியார் சிரித்தார். "அந்த அம்மா விவரமானவள்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"இங்கே வீடு ஒரே நிசப்தமா இருக்கு" என்றார்.

இவரை டிக்கெட் விலை பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.