கனகாம்பரம் வராத நாளில் என்ன விலை?

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்குக் கணக்குப் பார்க்கிறேன். விடியற்காலை வரத்து, எடை, சிட்டை எல்லாம் ஓய்ந்த பிறகுதான் என் வேலை ஆரம்பம். எக்செல் ஷீட்டில் ஒவ்வொரு பூவுக்கும் மூன்று கட்டம்: எத்தனை கிலோ, எத்தனை ரூபாய், கிலோ என்ன விலை. ரூபாயைக் கிலோவால் வகுத்தால் விலை.

மல்லிகைக்கும் சம்பங்கிக்கும் பிரச்சினையே இல்லை. கனகாம்பரம்தான் படுத்தும். சில நாள் ஒரு கூடைகூட வராது. 0 கிலோ, 0 ரூபாய். உடனே விலைக் கட்டத்தில் '#டிவ்/0!' என்று வந்து நிற்கும். எனக்கு முன்னால் இருந்தவர், பிழை வந்தால் 0 என்று காட்டும்படி ஃபார்முலா போட்டு வைத்திருந்தார். ஷீட் பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் திங்கள் 1,000, செவ்வாய் வரத்து இல்லை, புதன் 1,200 என்றால் விலைக் கட்டங்களின் சராசரி 733 என்று காட்டும். 733-க்கு ஒரு கிலோ கொடுங்கள் என்று யாராவது கேட்டால் கடையில் சிரிப்பார்கள். செவ்வாயைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் 1,100.

"பூவும் வரலை, காசும் வரலை. விலை சைபர்தானேப்பா?" என்றார் முதலாளி.

"அண்ணே, சைபர் விலைன்னா சும்மா கொடுத்தோம்னு அர்த்தம். செவ்வாய்க்கிழமை கிலோ 3,000-ன்னு எழுதினாலும் கணக்கு டேலி ஆகும். 0 கிலோவை 3,000-ஆல பெருக்கினா 0 ரூபாதானே?"

"அப்ப 50 ரூவான்னு எழுதினாலும் டேலி ஆகுமா?"

"ஆகும்."

"இது என்னப்பா கூத்து!"

கூத்துதான். 12-ஐ 4-ஆல் வகுத்தால் 3, ஏனென்றால் மூநான்கு பன்னிரண்டு. வகுத்தலுக்குப் பெருக்கல்தான் சாட்சி. 5-ஐ 0-ஆல் வகுக்கச் சொன்னால் சாட்சியே கிடையாது. எந்த எண்ணை 0-ஆல் பெருக்கினாலும் 5 வராது. 0-ஐ 0-ஆல் வகுக்கச் சொன்னாலோ ஊரே சாட்சி சொல்ல வந்துவிடும். எந்த எண்ணைப் போட்டாலும் சரி என்கிறது. முன்னதில் விடை இல்லை, பின்னதில் விடைக்குப் பஞ்சமே இல்லை. இரண்டையும் 'வரையறுக்கப்படவில்லை' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிற பாடப்புத்தகங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

முதலாளியின் கட்சியில் பெரிய ஆளே இருக்கிறார். பழங்கால இந்தியக் கணித மேதை பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் 0-ஐ 0-ஆல் வகுத்தால் 0 என்றே சொன்னார். பூஜ்ஜியத்துக்குக் கூட்டல், கழித்தல், பெருக்கல் விதிகளை அவ்வளவு ஒழுங்காக வகுத்தவர், இந்த ஒரு இடத்தில் எங்கள் பழைய கணக்கர் மாதிரியே செய்துவிட்டார்.

வராத நாளில் என்ன விலை என்று வெளியாள் கேட்டால் முதலாளி "நேத்து விலைதான்" என்பார். கணிதத்தில் இதற்குக் கிட்டத்தட்ட ஒத்த ஒரு கருத்து உண்டு, அதற்கு எல்லை என்று பெயர். ஒரு கிலோ 1,000, நூறு கிராம் 100, பத்து கிராம் 10 என்று எடையும் பணமும் சேர்ந்து தேய்ந்துகொண்டே போனாலும் விகிதம் 1,000-இலேயே நிற்கிறது அல்லவா? அப்போது 0-க்குப் பக்கத்தில் 1,000 என்று சொல்வதில் தப்பில்லை. பணம் எடையைவிட வேகமாகத் தேய்ந்தால் விகிதம் 0-ஐ நோக்கி ஓடும்; எடை வேகமாகத் தேய்ந்தால் விகிதம் எகிறும். எப்படித் தேய்கிறது என்று தெரியாமல் வெறும் 0/0-ஐ மட்டும் நீட்டினால் ஒன்றும் சொல்ல முடியாது. ஒன்று மாறும் வேகத்தைக் கணக்கிடுகிற வகை நுண்கணிதமே இந்தத் தேய்மானத்தின் மேல்தான் நிற்கிறது. நியூட்டனின் கணக்கில் வருகிற அந்தத் தேய்ந்துபோன அளவுகளை 1734-இல் தத்துவஞானி பெர்க்லி 'மறைந்துபோன அளவுகளின் ஆவிகள்' என்று கிண்டலடித்தார். 1821-இல் பிரெஞ்சுக் கணிதர் கோஷி எல்லை என்ற கருத்தின் மேல் நுண்கணிதத்தை நிறுத்திய பிறகுதான் அந்த ஆவிகள் அடங்க ஆரம்பித்தன.

ஆனால் என் செவ்வாய்க்கிழமைக்கு இதுவும் உதவாது. முந்தைய நாள் பக்கமிருந்து வந்தால் 1,000, அடுத்த நாள் பக்கமிருந்து வந்தால் 1,200. இரண்டும் ஒத்துப்போகாததால் எல்லையும் கிடையாது.

கணினிகளில் பின்னங்களைக் கையாள 1985-இல் வந்த ஐ.ட்ரிபிள்.ஈ 754 தரநிலை இதில் விவரமானது. 5/0 என்றால் முடிவிலி. 0/0 என்றால் 'எண் அல்ல'. அந்த 'எண் அல்ல' தனக்குத்தானே சமம் இல்லை என்று வேறு விதி வைத்திருக்கிறார்கள். எக்செலோ இரண்டுக்கும் ஒரே '#டிவ்/0!'தான் காட்டும். கடைக்கு இது ஆகாது. 0 கிலோவுக்கு 5,000 ரூபாய் என்றால் யாரோ எடை போட மறந்திருக்கிறார்கள். அது கத்தத்தான் வேண்டும். 0-க்கு 0 என்றால் பூ வரவில்லை, அவ்வளவுதான்.

அதனால் ஃபார்முலாவை மாற்றினேன். இரண்டும் 0 என்றால் கட்டம் காலியாகத் தெரியும். கிலோ மட்டும் 0 என்றால் பிழை அப்படியே நிற்கும். சராசரி சரியாகிவிட்டது. ஆனால் கிராஃப் மட்டும் செவ்வாயன்று தரையைத் தொட்டது. ஃபார்முலா தருகிற வெற்று எழுத்தை எக்செல் கோட்டு வரைபடத்தில் 0 என்றே வரைகிறது! அதற்கு, மதிப்பு இல்லை என்று சொல்கிற '#என்/ஏ' கொடுக்க வேண்டும். அதைக் கொடுத்தால் சராசரி கெட்டுவிடும். இப்போது விலைக்குச் சராசரிக்கென ஒரு கட்டம், கிராஃபுக்கென ஒரு கட்டம். கனகாம்பரத்துக்கு மட்டும் ஏன் நான்கு கட்டம் என்று முதலாளி இன்னும் கேட்கவில்லை.